சோத்தாங்கைப் பக்கம்

மாரண்டஹள்ளி சுற்றுவட்டாரத்தில் சவுரியப்பனைத் தெரியாதவர்கள்கூட அவருடைய மோட்டார் சைக்கிளைத் தெரிந்து வைத்திருந்தார்கள். சவுரியப்பன் மாட்டுக்கு ஊசி போடுகிறவர். அவர் வண்டிச் சத்தம் ஏரிக்கரையில் கேட்டாலே நோவு கண்ட மாடு பயந்து எழுந்து நின்றுவிடும், ஊசிக்கு வேலையே இருக்காது என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது பெங்களூரில் ஏலம் போன மேட்ச்லெஸ் வண்டி அது. நாலைந்து கை மாறி, ஒரு பாதிரியாரிடம் இருந்து, அவரிடமிருந்து சவுரியப்பனுக்கு வந்தது.

பாதிரியார் காலத்தில் பஞ்சப்பள்ளி ரோட்டில் ஒரு கரும்பு வண்டியில் முட்டியதில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களில் ஒன்று வளைந்துபோனது. பெங்களூர் பழைய இரும்புச் சந்தையில் வேறொரு வண்டியின் காலைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வலப்பக்கத்துக்கு வந்த புதுக் கால் பத்து தௌ கூடுதல் தடிமன். பத்து தௌ என்றால், அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் பத்து பங்கு. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு போஸ்ட் கார்டின் கனம். அந்தக் கனத்துக்காக அந்தக் காலுக்கு மட்டும் தனியாகப் புஷ் கடைந்து போட்டிருந்தது. புஷ் என்பது காலின் குழாய்மேல் மோதிரம் மாதிரி உட்கார்ந்து மேலும் கீழும் வழுக்குகிற வெண்கல வளையம். வலப்பக்கத்துப் புஷ் இடப்பக்கம் போனால் லொடலொடக்கும். இடப்பக்கத்தது வலப்பக்கம் ஏறவே ஏறாது.

"ரெண்டு தாய் வயித்துப் பிள்ளைங்க. ஒரே வூட்ல வச்சுக் காப்பாத்தணும்னா சட்டைய மாத்திப் போடாம இருக்கணும்" என்று மெக்கானிக் தஸ்தகீர் சொல்லுவார். பதினாலு வருஷமாக அந்த வண்டியை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

தன் கையே தனக்குதவி என்பார்கள். தஸ்தகீருக்கு அந்தக் கையே போய்விட்டது. பங்குனி மாசம் ஒரு டிராக்டர் டிரெய்லரின் கொக்கியைச் சரிபண்ணிக் கொண்டிருந்தபோது அண்டக்கொடுத்த கல் நழுவி இரும்பு வலது மணிக்கட்டின்மேல் விழுந்தது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன பெண்டாட்டி பேச்சைக் கேட்காமல் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவனிடம் போனார். நாற்பத்தைந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் கோழிக்காலாக மடங்கியிருந்தன. அதற்கப்புறம் அவை விரியவே இல்லை.

ஸ்பேனர் பிடிக்க முடியாமல் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சோறு பிசைய முடியாமல் போனதுதான் ஆளைத் தின்றது. பெண்டாட்டி அமீருன்னிசா மூன்று மாசம் ஊட்டிவிட்டாள். ஒருநாள் "போதும், நான் என்ன பச்சப்புள்ளயா" என்று தட்டை வாங்கி இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார். கடைக்கும் பின்னாலிருந்த வீட்டுக்கும் நடுவில் தொங்கும் சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். கல்யாணம், சுன்னத்து எந்த விருந்துக்கும் போவதில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை கடைக்கே வந்து, இயலாதவனுக்கு இதில் குற்றமில்லை என்று எடுத்துச் சொன்னார். "அல்லா மன்னிச்சுடுவாங்க ஹஜ்ரத். பந்தில உக்காந்திருக்கறவன் மன்னிப்பானா?" என்றார் தஸ்தகீர். வலது கை எப்போதும் துண்டுக்குள்ளேயே இருந்தது. அவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று ஊருக்குத் தெரியாதா என்ன? தெரியும். பார்த்ததில்லை, அவ்வளவுதான். அந்த அளவு மானம் மிஞ்சியதே போதும் என்று அவர் இருந்தார்.

அமீருன்னிசாவின் தம்பி அப்துல் ரஷீத் ஓசூரில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். தொழிலைத் தஸ்தகீரிடம் கற்றுக்கொண்டு போனவன்தான். மாசம் ஒருதரம் வந்து, கடையை மூடிவிட்டு ஓசூருக்கு வரச்சொல்லி நச்சரிப்பான். மச்சானுக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தான். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் தம்பி பெண்டாட்டி அளந்து போடுகிற சோற்றைத் தின்று மாடியறையில் காலம் தள்ள அமீருன்னிசாவுக்கு இஷ்டமில்லை. அவளுக்கு இந்த கிரீஸ் வாடைதான் வீடு. கல்யாணமான நாளிலிருந்து மண்ணெண்ணெயில் சாமான் கழுவி ஆறவைத்தவள். இந்த எட்டு மாசமாக ஸ்பேனரையும் பிடிக்கப் பழகிவிட்டாள். அவர் சொல்லச் சொல்ல இவள் முடுக்குவாள். பங்க்சர், செயின், பிரேக் என்று சில்லறை வேலையெல்லாம் இருவருமாக ஓட்டிவிடுவார்கள்.

ஐப்பசியில் மகள் வஹிதாவுக்குப் பிரசவம் என்று அமீருன்னிசா பொம்மிடிக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் கடைக்குள் சவுரியப்பனின் வண்டி முன்பக்கம் கட்டைமேல் தூக்கி நின்றது. சக்கரமில்லை. ஃபோர்க்கின் இரண்டு குழாய்கள் மட்டும் பல்லில்லாத வாயில் மிஞ்சிய இரண்டு பல் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. பலகைமேல் இரண்டு துணி மூட்டைகள் இருந்தன.

"யாருங்க கழட்டினது?"

"ஏன், நான்தான்." அவர் முகத்தில் எட்டு மாசமாகக் காணாத வெளிச்சம் இருந்தது. "ஆயில் சீல் ஒழுவுதுன்னு கொண்டாந்து வுட்டாரு. ஓசூருக்குக் கொண்டுபோங்கன்னேன். பாய் இருக்கறப்ப நான் ஏன் ஓசூர் போவணும்னு சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டிட்டாரு. ரெண்டு நாள் ஆச்சு. ஒத்தக் கையில கழட்டிட்டேன்."

"குழந்த பையன். உங்க மூக்கு" என்றாள் அமீருன்னிசா.

"அப்பிடியா, நல்லது. இத பாரு மொதல்ல. அரிசி முடிஞ்சிருக்கறது சோத்தாங்கைப் பக்கத்துச் சாமான். முடியாதது பீச்சாங்கைப் பக்கத்துது. ஞாபகம் வச்சுக்க."

அரிசி முடிவது அவருடைய பழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், சாக்பீஸில் குறி போட்டாலும் எண்ணெயில் அழிந்துபோகும். அதனால் சோத்தாங்கைப் பக்கத்து மூட்டை என்றால் துணி முனையில் நாலு அரிசியை முடிந்துவிடுவார். எலி தின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களிடம், எலி முடிச்சைத் தின்னாது என்பார். அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு மூட்டையை வேலை முடித்து மாட்டாமல் அடுத்த மூட்டையை அவிழ்க்கக் கூடாது. மூட்டைகள் கலந்ததாக அந்தக் கடையில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

பேரன் பிறந்த சந்தோஷமா, வேலை முடித்த சந்தோஷமா, அந்த வாரம் அவர் வாய் ஓயவில்லை. ஆனால் ஒரு விஷயம் அமீருன்னிசாவுக்கு எரிச்சலாக இருந்தது. "சோத்தாங்கைப் பக்கம் இருக்கிற கிரீஸ் டப்பாவ எடு" என்பார். இவள் வலப்பக்கம் துழாவினால், "கண்ணு எங்க வச்சிருக்கற, இந்தப் பக்கம்" என்று இடப்பக்கத்தைக் காட்டிச் சிடுசிடுப்பார். பத்து நாள் தனியாக இருந்ததில் மனுஷன் தடுமாறிவிட்டார் போல என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள்.

சீல் பெங்களூரிலிருந்து பஸ் கண்டக்டர் மூலம் வந்து சேர்ந்தது. கழற்ற ஒரு கை போதும். மாட்ட இரண்டு வேண்டும், அதிலும் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கத் தெம்பு வேண்டும். அமீருன்னிசா இரண்டு நாள் முயன்று உள்ளங்கை தோலுரிந்ததுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் ரஷீத்துக்கு ஆள் அனுப்பினார்கள். வரும்போதே அவன் பழைய பேச்சோடுதான் வந்தான். தஸ்தகீர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்னார்.

"சரி ரஷீது. இந்த வண்டி எந்திரிச்சு நல்லபடியா ஓடிச்சுன்னா கடை இருக்கட்டும். நான் கழட்டுனதுல பழுது வந்துச்சுன்னா நீ சொன்ன மாதிரியே சாமானெல்லாம் எடைக்குப் போட்டுட்டு வாட்ச்மேன் தொப்பிய மாட்டிக்கறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே மச்சான்?"

"என்னைக்கு மாறியிருக்கறேன்?"

அமீருன்னிசாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல் போட்டுக்கொண்டே இருந்தது. சந்தைக்கு வந்த தக்காளிக் கூடைகளைக் கேட்பாரில்லாமல் ரோட்டோரம் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சவுரியப்பன் பூசை முடிந்த கையோடு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் வந்து இறங்கினார்.

"பன்னெண்டு நாளா இதை மிதிச்சு மிதிச்சு முட்டி கழண்டுபோச்சு பாய். நேத்து ஜக்கசமுத்திரத்துல ஒரு பசு, கன்னு குறுக்க கெடக்குது. நான் போயிச் சேர்றதுக்குள்ள கன்னு போச்சு. பசுவக் காப்பாத்துனதே பெரும்பாடு. அந்த அம்மா என்னை ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தாலும் பரவால்ல."

"இன்னிக்கு ஏறிப் போயிடலாம் சார்" என்றான் ரஷீத். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அரிசி முடிந்த மூட்டையை எடுத்தான். "மச்சான், இது?"

"சோத்தாங்கைப் பக்கம்."

ரஷீத் பிரித்தான். புஷ்ஷுக்கு எண்ணெய் தடவி, வண்டியின் வலப்பக்கத்துக் குழாயில் கீழிருந்து ஏற்றினான். நுனியிலேயே நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தான், மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினான், வரவில்லை. குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி முயன்றான்.

"ஏற மாட்டேங்குதே மச்சான்."

"ஏறும். பதினாலு வருசமா ஏறிட்டுத்தான் இருக்குது."

"மூட்டை ஏதாவது மாறிப்போச்சுங்களா? இந்தப் பக்கம்தான தடிக் காலு?"

தஸ்தகீருக்குச் சுருக்கென்றது. "மூட்டை மாறறதா? உனக்கு மூட்டை கட்டச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்பறம்?"

"இல்ல, அந்த மூட்டையையும் பிரிச்சு ஒருக்கா வச்சுப் பாத்துட்டா..."

"ஒண்ணு முடியாம ஒண்ணப் பிரிக்காத. கலந்துச்சுன்னா இந்த ஜென்மத்துல பிரிக்க முடியாது. பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

ரஷீத் புஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கம் பார்த்தான். விளிம்பில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. எல்லாப் பழைய புஷ்ஷிலும் இருக்கிற தழும்புதான். ஆனால் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

"இங்க பாருங்க. கழட்டறப்ப அடி பட்டிருக்குது. சுத்தி ஒரு பக்கமா விழுந்து புஷ்ஷு நசுங்கியிருக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னான். "பீச்சாங்கையில சுத்தி புடிச்சா இப்பிடித்தான் மச்சான் ஆவும். உங்களக் குத்தம் சொல்லல."

சவுரியப்பன் குனிந்து மிதிவண்டிப் பெடலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார். அமீருன்னிசாவுக்குத் தம்பியை ஓங்கி அறையலாம் போல இருந்தது. தஸ்தகீர் புஷ்ஷை இடது கையில் வாங்கிக் கட்டைவிரலால் உள்ளே தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் தொழில் செய்த வலது கட்டைவிரலாக இருந்தால் அதற்கு நசுங்கலும் தெரியும், நசுங்காததும் தெரியும். இந்த விரலுக்கு எட்டு மாசம்தான் ஆகிறது. அது ஒன்றும் சொல்லவில்லை.

"நசுங்கித்தான் இருக்கும்" என்றார்.

"கொஞ்சம் எமரித் தாள் போட்டுத் தேய்ச்சா ஏறிடும்."

"வெண்கலம். தேய்ச்சது திரும்ப வளராது."

"வேற என்ன பண்றது சொல்லுங்க. இதுக்கு இனி எங்க போயிக் கடையறது?"

தஸ்தகீர் புஷ்ஷை அவன் கையில் திருப்பி வைத்தார். "தேய்ச்சுக்க" என்று சொல்லிவிட்டு, துண்டைக் கையோடு இறுக்கிக்கொண்டு படுதாவுக்குள் போனார்.

"மொதல்ல சாப்பிட்டுக்கலாம்" என்றாள் அமீருன்னிசா. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அன்றைக்குக் களி கிண்டாமல் நெல்லுச்சோறு வடித்து, அவரைக்கொட்டை போட்டுக் கறிக்குழம்பு வைத்திருந்தாள். தம்பிக்கும் சவுரியப்பனுக்கும் கடையிலேயே பாய் விரித்துத் தட்டு வைத்தாள். சவுரியப்பன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாய் வரலைங்களா?"

"அவரு உள்ள சாப்புடுவாரு. நீங்க சாப்புடுங்க."

"மச்சான் எப்பவும் அப்பிடித்தாங்க. விருந்துன்னா ஒதுங்கிக்குவாரு" என்றான் ரஷீத். அவனுடைய சாமான்களோடு எமரித் தாள் மடித்த மடிப்பில் காத்திருந்தது.

படுதாவுக்குள் தஸ்தகீர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அமீருன்னிசா சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். இடது கையால் பிசைந்தார். ஆரம்பத்தில் தட்டுக்கு வெளியே சிந்தியது இப்போது சிந்துவதில்லை. நாலு விரலும் சேர்ந்து கவளத்தை உருட்டி, கட்டைவிரல் தள்ளிவிட, பிறந்ததிலிருந்து பழகிய கை மாதிரி வாய்க்குப் போய் வந்தது. அவள் இத்தனை நாள் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே பழகியிருந்தாள்.

"சாமானெல்லாம் எடைக்குப் போடறப்ப இரும்பக் கவ்விப் புடிக்கற அந்தப் பெரிய வைஸ மட்டும் சவுரியப்பன்கிட்டக் குடுத்துடு. மாட்டுக்கு ஏதாவது பண்ண ஆவும்" என்றார் சுவரிடம்.

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவருக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணி. அந்தச் சோத்தாங்கைப் பக்கம் இருக்குது பாரு சொம்பு."

அவள் அவருக்கு வலப்பக்கம் கையை நீட்டினாள். அங்கே வெறும் தரைதான் இருந்தது. சொம்பு இடப்பக்கம் இருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கிரீஸ் டப்பா ஞாபகம் வந்தது. "இந்தப் பக்கம்" என்று அவர் சிடுசிடுத்தது ஞாபகம் வந்தது. இவள் ஊரில் இல்லாத நாட்களில் ஒற்றைக் கையால் மூட்டை கட்டி, நாலு அரிசியை எடுத்து, எந்தப் பக்கம் என்று யோசிக்காமலே முடிந்திருக்கிற அந்தக் கையைப் பார்த்தாள். அதில் சோறு ஒட்டியிருந்தது.

சொம்பைக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்களுக்குச் சோத்தாங்கை எது?"

அவர் கவளத்தோடு நிறுத்தினார். முதலில் அவர் முகத்தில் கோபம்தான் வந்தது. நாற்பத்தெட்டு வயசு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? பிறகு கையைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். படுதாவுக்கு அந்தப் பக்கம் சவுரியப்பன் எலும்பைத் தட்டி உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோபம் மெதுவாக இறங்கி, அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அது வெட்கமா பயமா என்று அமீருன்னிசாவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"யா அல்லா" என்றார் மெல்ல. "மாத்தி முடிஞ்சுட்டேனா அமீரு?"

"சத்தம் போடாதீங்க." அவள் கிட்டே நகர்ந்து காதோடு சொன்னாள். "நான் போயிச் சொல்லிடறேன். மண்ணெண்ணெயில கழுவறப்ப நான்தான் துணிய மாத்திக் கட்டிட்டேன்னு சொல்லிடறேன். பொம்பள, தெரியாம பண்ணிட்டான்னு போயிடும். தம்பிதான, நாலு பேச்சுப் பேசுவான். பேசிட்டுப் போறான். உங்களுக்கு எதுக்கு அது."

அவள் எழுந்தேவிட்டாள். படுதாவின் ஓரத்தைப் பிடித்தும்விட்டாள்.

"அமீரு, இரு."

"நீங்க சாப்புடுங்க."

"இருன்னு சொல்றேன். ஊட்டிவுட்ட மூணு மாசம் போதும். இதையும் நீயே வாங்கித் தின்ன வேண்டாம்."

அவர் தரையில் முழங்கையை ஊன்றி எழுந்தார். துண்டு நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு, படுதாவைத் தோளால் தள்ளி வெளியே போனார்.

ரஷீத் கை கழுவிவிட்டு எமரித் தாளை எடுத்து மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். சவுரியப்பன் இன்னும் தட்டின் முன்னால் இருந்தார். இருவரும் நிமிர்ந்தார்கள். தஸ்தகீர் இரண்டு கைகளும் தெரிய நின்றுகொண்டிருந்தார். வலது கை மடங்கித் தொங்கியது. இடது கையில் முழங்கை வரைக்கும் குழம்பு வழிந்திருந்தது, விரலெல்லாம் சோறு.

"ரஷீது, அதைக் கீழ வை. புஷ்ஷு நசுங்கல. மூட்டைதான் மாறியிருக்குது."

"நீங்கதான மச்சான் சொன்னீங்க, அரிசி முடிஞ்சது சோத்தாங்கைப் பக்கம்னு?"

"ஆமா." தஸ்தகீர் இடது கையைத் தூக்கினார். இத்தனை மாசம் ஒளித்து வைத்ததை அவர் அவசரப்படாமல் காட்டினார். "எனக்குச் சோத்தாங்கை இதுதான். கட்டறப்ப வாய் பழையபடி சொல்லிடுச்சு. கை, தன் பக்கத்துச் சாமானுல அரிசிய முடிஞ்சுடுச்சு. எனக்கே தெரியல. உங்கக்கா இப்ப கேட்டாத்தான் தெரிஞ்சுது."

கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரஷீத் எமரித் தாளைக் கீழே வைத்தான். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தான். அமீருன்னிசா படுதாவைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அது அவமானமாகவே இல்லை, மாறாக இத்தனை நாள் தூக்கிச் சுமந்த தண்ணீர்க்குடத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சவுரியப்பன்தான் பேசினார். அவர் பாயில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"கையில சோத்த வச்சுட்டு எதுக்கு பாய் நின்னுட்டிருக்கறீங்க. காஞ்சுபோவுது. உக்காந்து சாப்புடுங்க. பாயம்மா, தட்ட இங்க கொண்டாந்து வைங்க."

தட்டு வெளியே வந்தது. தஸ்தகீர் உட்கார்ந்தார். முதல் கவளத்தை உருட்டியபோது இரண்டு பருக்கை பாயில் விழுந்தது. சவுரியப்பன் அதைப் பார்க்காதவர் போலவும் இல்லை, பார்த்தவர் போலவும் இல்லை. அவர் பாட்டுக்கு ஜக்கசமுத்திரத்துப் பசுவின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ரஷீத் அரிசி முடியாத மூட்டையை அவிழ்த்து, அதிலிருந்த புஷ்ஷுக்கு எண்ணெய் தடவினான். வலப்பக்கத்துக் குழாயில் வைத்தான். தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலில் பிடித்துத் தூக்கியதும் குழாயோடு வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. அவன் கொஞ்சநேரம் அதை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்தமா கழட்டியிருக்கறீங்க மச்சான்" என்றான், திரும்பாமலே. "ஒரு கீறல் இல்ல. நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"சொன்னதுல தப்பில்ல. பீச்சாங்கையில சுத்தி புடிச்சிருந்தா நசுங்கித்தான் போயிருக்கும்" என்றார் தஸ்தகீர். குழம்பை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் சோத்தாங்கையிலதான புடிச்சேன்" என்றார்.

சவுரியப்பனுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ரஷீத் சிரித்தான். உள்ளே சொம்பை எடுக்கப் போன அமீருன்னிசா அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

மூன்று மணி வாக்கில் தூறல் விட்டது. ஸ்பிரிங்கை ரஷீத் அழுத்த, நட்டை அமீருன்னிசா பிடிக்க, இரண்டு கால்களும் அவரவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றன. சக்கரம் ஏறியது. சவுரியப்பன் உதைத்தார். மூன்றாவது உதையில் வண்டி பிடித்து, அந்தப் பழைய சத்தம் கடைவீதி முழுக்கக் கேட்டது. தக்காளிக் கூடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாலக்கோடு ரோட்டில் போய், பாலத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"எப்பிடி இருக்குது?" என்றார் தஸ்தகீர்.

"வெண்ணெ மாதிரி பாய். குழியில விழுந்ததே தெரியல. ஒண்ணே ஒண்ணுதான், கைய வுட்டா லேசா இழுக்குது."

"எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கைப் பக்கமா."

"யாரு சோத்தாங்கை?"

சவுரியப்பன் தன் கையைப் பார்த்தார். தஸ்தகீரின் கையைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரோடு நின்ற அமீருன்னிசாவை மோவாயால் காட்டினார்.

"பாயம்மாவோடது."

"அப்பச் சரி" என்றார் தஸ்தகீர். ரஷீத்தைப் பார்க்காமலே அவனுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். "இனிமே இந்தக் கடைக்கு அதுதான் சோத்தாங்கை. அமீரு, உன் பக்கத்து அச்சு நட்ட அரைச் சுத்து முடுக்கு."

ரஷீத் ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். ஐந்தரைக்கு ஓசூர் பஸ் இருந்தது. அமீருன்னிசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து, நட்டில் ஸ்பேனரை வைத்தாள்.